வெட்டிப் பார்க்காத கத்தி

அமெரிக்காவில் கத்தி அடிப்பவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. பில் மோரனும் வேறு சிலரும் 1976-ல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி நடத்துவது. ஓர் அங்குலக் கயிறைத் தொங்கவிட்டு ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அதே கத்தியால் வீடு கட்டப் பயன்படும் மரச்சட்டத்தைக் குறுக்கே இரண்டு தடவை கொத்தித் துண்டாக்க வேண்டும். அதற்கப்புறமும், திரும்பத் தீட்டாமல், முன்கை முடியை மழிக்க வேண்டும். கடைசியாக அலகை வைஸில் கவ்வி 90 டிகிரி வளைப்பார்கள். முறிந்தால் ஃபெயில்.

பாஸானாலும் கத்தி போனது போனதுதான். வளைந்த கத்தியை யார் வாங்குவார்கள்? சேகரிப்பவர் கைக்கு வருவது அதன் அண்ணன் தம்பிகளில் ஒன்று. அதை யாரும் கயிற்றில்கூட வீசிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பரீட்சைக்கு இரண்டாவது பாதி உண்டு. முழுசாகச் செய்து முடித்த ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். இங்கே வெட்டு கிடையாது, வேலைப்பாடு மட்டும்தான் பார்ப்பார்கள். மாஸ்டர் ஸ்மித் பட்டத்துக்கு அந்த ஐந்தில் ஒன்று, குறுக்குப்பிடி வைத்த ஐரோப்பியக் குத்துவாளாக இருக்க வேண்டும். சங்கம் இரண்டு பாதியையும் கேட்கிறது. சேகரிப்பு உலகம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதுதான் என் குறை.

ஏன் இது குறை? கத்தியின் உயிர் பதத்தில் இருக்கிறது, பதம் கண்ணுக்குத் தெரியாது. எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடி மாதிரி கடினமாகும், கண்ணாடி மாதிரியே உடையும். பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் மறுபடி சூடாக்கி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். விளிம்பு கெட்டியாக, முதுகு வளைந்துகொடுப்பதாக. இதில் சொதப்பிய கத்தியும் சரியாக வந்த கத்தியும் பாலிஷ் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

டமாஸ்கஸ் அப்படியில்லை. எல்லாமே வெளியே தெரியும். 1973-ல் நைஃப்மேக்கர்ஸ் கில்டு கண்காட்சியில் மோரன் டமாஸ்கஸ் கத்திகளை வைத்து, செய்முறையையும் இலவசக் கையேடாகக் கொடுத்தார். தொழில் ரகசியத்தைப் பூட்டிவைக்காத அந்த மனசுக்கு ஒரு வணக்கம். வெவ்வேறு எஃகுகளை அடுக்கி, ஒட்ட அடித்து, மடித்து, கடைசியில் அமிலத்தில் போட்டால் அலையலையாகக் கோலம் வரும். (பழைய டமாஸ்கஸ் வாள் வேறு சரக்கு. அது நம் பக்கத்து உருக்கு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கியது. கோலம் அடுக்கியதால் வந்ததில்லை, கட்டிக்குள்ளேயே விளைந்தது.) மாஸ்டர் பரீட்சையில் வளைப்பதும் குறைந்தது 300 அடுக்குள்ள டமாஸ்கஸ் அலகைத்தான். அங்கே அடுக்கு என்பது ஒட்டு பிரியாததற்குச் சாட்சி. காட்சி மேஜையில் அதே அடுக்கு வெறும் படம். நல்ல பதம் போட்ட சாதா எஃகைவிட அந்தக் கோலத்தால் ஒரு தக்காளிகூடக் கூடுதலாக நறுங்காது.

பாப் லவ்லெஸ் எனக்கு இதற்கு மேலே. 1953-ல் நியூயார்க்கில் ஒரு கடையில் ராண்டால் கத்தி கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்கணும் என்றார்கள். காயலான் கடையில் கிடைத்த பழைய பேக்கார்டு கார் ஸ்பிரிங்கில் தானே ஒன்று செய்துகொண்டார். பின்னாளில் அவர் பெயர் சொன்ன வேட்டைக்கத்தியைப் பாருங்கள், கோலம் கிடையாது, செதுக்கல் கிடையாது. முதுகுக்கோடு மெல்லக் கீழிறங்கி முனையைத் தொடும், அவ்வளவுதான். மான் தோலை உரிக்கும்போது அந்த இறங்கிய முனை குடலைக் குத்தாது. கத்தியைத் திருப்பி, கைப்பிடியை மேலிருந்து பாருங்கள். உள்ளே ஓடும் எஃகுப்பட்டை பின்னால் போகப்போக மெலியும். அதனால் பின்பாரம் குறைந்து கத்தி கையில் சமமாக நிற்கும். ஆனால் சரிந்த இரண்டு முகத்திலும் பிடித்துண்டுகளை இடைவெளி இல்லாமல் பொருத்தியாகணும். ஒரு பக்கம் மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் கோடு கோணும். பல பேர் பார்க்காமலே போகும் இடம் இது.

அப்படிப்பட்டவர் கத்திக்கே எதற்குக் கூடுதல் விலை தெரியுமா? அலகில் நிர்வாணப் பெண் முத்திரை இருந்தால். இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் ஏறும். பட்டையை யாரும் திருப்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

வெட்டினால் விலை விழும், வாஸ்தவம்தான். முதலீட்டுக்கு வாங்குகிறவரை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் 'இது என்னமா வெட்டும் தெரியுமா' என்று ஆரம்பிக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. தெரியணும்னா ஒரு வழி இருக்கு: அதே ஆள் அடித்த, அலங்காரம் இல்லாத கார்பன் எஃகுச் சமையல் கத்தி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். வெங்காயமும் மாங்காயும் பட்டு அலகு சாம்பல் நிறமாகும், பயப்படாதீர்கள், அது துரு இல்லை. கழுவினதும் துடைத்து வைத்தால் போதும்.