ஓடிபி வராத எல்லை

அனுபவ் சின்ஹாவின் 'பீட்' (2023) படத்தைப் புதூர்நாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மலையில் டவர் வரும் போகும் என்பதால் திருப்பத்தூரிலேயே டவுன்லோட் செய்து எடுத்துப் போயிருந்தேன். கூடப் பார்த்தவர் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அண்ணன். அவருக்கு இந்தி தெரியாது, நான்தான் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் கேட்டார்: "ஏன் சார் எல்லாம் ரோட்லயே நிக்கறாங்க? காட்ல வழி இல்லியா?"

2020 மார்ச்சில் அவர் சிக்கமகளூரு பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் இருந்தவர். ஓசூர் வரை காய்கறி லாரி. செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே இறங்கி, அங்கிருந்து ராத்திரி ராத்திரியாக நடை.

படம் மோசமில்லை. பசியோடு இருக்கும் காவலாளி திரிவேதி, முஸ்லிம்கள் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை மறுக்கும் இடம் ஒன்று போதும். கூட்டத்துக்குள்ளும் சாதி, மதம் கலையவில்லை என்பதைச் சொல்ல நம் ஊர்ப் படங்களுக்கு இந்தத் தைரியம் வந்ததில்லை. ஆனால், எல்லாமே ராஜ்குமார் ராவ் நடித்த போலீஸ் அதிகாரியின் மனசாட்சி வழியாகத்தான் போகிறது. அவர் விழித்துக்கொள்ளும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 'பீட்' என்றால் கூட்டம். தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தேசப் பிரிவினையை நினைவூட்டத்தான் கறுப்பு வெள்ளை. இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒப்புதல் இல்லை. 1947இல் புதிதாகக் கோடு போட்டார்கள். 2020இல் ஏற்கெனவே கிடந்த, யாரும் கவனிக்காத கோடுகள் திடீரென்று மூடின. ஜவ்வாது ஒரே மலைதான். புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை. பெண் கொடுத்து எடுக்கிற ஊர்களுக்கு நடுவே கோடு ஓடுவது அதுவரை யாருக்கும் பெரிய விஷயமில்லை. அந்த ஆகஸ்ட் முடியும்வரை அதைத் தாண்ட இ-பாஸ் வேண்டும்.

நான் பிழைப்புக்கு இப்படிப்பட்ட படிவங்களைக் கட்டுகிறவன். போன் நம்பர், ஓடிபி, அடையாள அட்டை, காரணம். கட்டாயப் புலம் காலியாக இருந்தால் சிவப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். சின்ஹாவின் அதிகாரி தடுமாறுவார், கடைசியில் இளகவும் செய்வார். டவர் இல்லாத மலையில் ஓடிபிக்குக் காத்திருப்பவன் யாரிடம் போய்க் கெஞ்சுவான்?

அண்ணனின் மாமியார் அந்த ஜூலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் தவறிப்போனார். "பாஸு போட்டீங்களாண்ணே?" என்றேன்.

"எதுக்கு சார்? காட்ல போனோம்" என்றார். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.