12 நிமிடத்துக்குள் ஒரு தங்கம்

அகில ஜப்பான் பேண்டு போட்டியின் மேடையில் ஒரு பள்ளி அணிக்குக் கிடைப்பது 12 நிமிடம். போட்டிச் சங்கம் தரும் கட்டாய உருப்படி ஒன்று, அணி தானே தேர்ந்தெடுக்கும் விருப்ப உருப்படி ஒன்று. இரண்டும் அந்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். தாண்டினால் தகுதி நீக்கம்; எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும் பதக்கம் கிடையாது. உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் 55 பேர் வரை மேடையேறலாம்.

1939-ல் சங்கம் உருவாகி, 1940-ல் ஒசாகாவில் முதல் போட்டி நடந்தது. போரால் நின்றுபோனது 1956-ல் மீண்டும் தொடங்கியது. பள்ளி பேஸ்பால் வீரர்களுக்குக் கோஷியன் மைதானம் எப்படியோ, பேண்டு மாணவர்களுக்கு டோக்கியோவின் ஃபுமோன்கான் அரங்கம் பல பத்தாண்டுகள் அப்படி இருந்தது. 5,000 இருக்கைகள், கறுப்புத் தரை. நில அதிர்வைத் தாங்காது என்று தெரியவந்ததும் அரங்கம் மூடப்பட்டது. இடிப்பதற்கு முன், 2018 நவம்பரில் மேடையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மாணவப் பருவத்தில் அங்கே வாசித்தவர்களும், வாசிக்கும் வாய்ப்பே கிடைக்காதவர்களும் வாத்தியத்தோடு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

இந்தப் போட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் ஒழுங்கையும் சாதகத்தையும் நடத்துநரின் கண்டிப்பையும் விரிவாகப் பேசுவார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவிலுள்ள தூரத்தில் ஒரு பகுதி, மாணவர்கள் வாத்தியத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே தாளில் முடிவாகிவிடுகிறது. எந்த உருப்படி, யார் எழுதிய ஸ்கோர், எங்கே வெட்டு, வயலினுக்கு எழுதிய வரி யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகள் அங்கேதான் தீர்கின்றன. ஆடுகளத்தைப் பார்த்து பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பது போன்ற வேலை இது. அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

ராவெலின் ‘தாஃப்னிஸும் குளோயியும்’ இரண்டாவது தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1912-ல் மேடையேறிய பாலே இசையின் கடைசிப் பகுதி அது. ஜப்பானியப் பள்ளி அணிகளுக்கு மிகவும் பிடித்த உருப்படிகளில் ஒன்று. ஒசாகாவின் யோதொகாவா தொழிற்கல்விப் பள்ளியை உச்சத்துக்குக் கொண்டுபோன நடத்துநர் அகியோ மாருதானி, விருப்ப உருப்படியாகத் திரும்பத் திரும்ப எடுத்த மிகச் சிலவற்றில் இதுவும் உண்டு. 2021-ல் மறைந்த அவர் ஆண்டுதோறும் புதிதாக ஒன்றைத் தேடி ஓடவில்லை. தெரிந்த ஸ்கோரையே மறுபடியும் மறுபடியும் தோண்டினார்.

தொகுப்பை முழுதாக வாசிக்க ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். கட்டாய உருப்படிக்கு நான்கைந்து நிமிடம் போனால் மிஞ்சுவது ஏழெட்டு நிமிடம்தான். ஆகவே பாதிக்கு மேல் போயாக வேண்டும். போட்டி நிரலில் ‘விடியல், அனைவரின் நடனம்’ என்று அச்சாகியிருந்தால், நடுவிலுள்ள மூகநாடகப் பகுதி விடுபட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியில்தான் உலகெங்கும் புல்லாங்குழல் கலைஞர்கள் தேர்வுகளில் வாசிக்கும் புகழ்பெற்ற தனி இசை இருக்கிறது. அணியின் மிகச் சிறந்த புல்லாங்குழல் மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த வாய்ப்பு, நேரக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. வேறு வழியும் இல்லை: விடியலின் மெதுவான எழுச்சி இல்லாமல் நடனத்தின் வெறிக்கு அர்த்தம் இருக்காது, ஐந்து எண்ணிக்கையில் பாயும் அந்த நடனம் இல்லாமல் உருப்படி முடியவும் முடியாது.

அடுத்த சிக்கல் வாத்தியங்கள். விடியலின் தொடக்கத்தில் நீர் சலசலப்பதுபோல் ஓடும் விரைவு ஸ்வரங்களை ராவெல் புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்குமே எழுதியிருக்கிறார். பேண்டுக்கு அது அதிர்ஷ்டம். அதன் அடியிலிருந்து மெல்ல எழும் தந்தி வாத்தியங்களின் நீண்ட வரிதான் சோதனை. வில்லைத் திருப்பித் திருப்பி இழுக்கிற வயலின் கலைஞருக்கு மூச்சுப் பிரச்சினை கிடையாது. அதே வரி கிளாரினெட், சாக்ஸபோன், யூஃபோனியத்துக்கு வரும்போது ஒருவர் மூச்செடுக்கும் இடத்தில் இன்னொருவர் தாங்க வேண்டும். நல்ல ஸ்கோரில் அந்த இடங்களை எழுதியவரே யோசித்து வைத்திருப்பார். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். மோசமான ஸ்கோரில் அந்தப் பொறுப்பு பதினாறு வயதுப் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போய்விடும்.

சுருதியும் அப்படித்தான். ஷோஸ்டகோவிச் 1954-ல் எழுதிய ‘விழா ஓவர்ச்சர்’ ஏ மேஜரில் அமைந்தது. பேண்டுக்கு அதை மாற்றிய அமெரிக்கர் டொனால்ட் ஹன்ஸ்பெர்கர், முழு உருப்படியையும் அரை ஸ்வரம் இறக்கி ஏ ஃப்ளாட் மேஜருக்குக் கொண்டுபோனார். காரணத்தை கிளாரினெட் மாணவியின் தாளில் பார்க்கலாம். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஏ மேஜரை எழுதினால் தாளின் தொடக்கத்தில் ஐந்து ஷார்ப் நிற்கும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஆறு. அரை ஸ்வரம் இறக்கியதும் கிளாரினெட்டுக்கு இரண்டு ஃப்ளாட், சாக்ஸபோனுக்கு ஒன்றே ஒன்று. வேகமோ தலைதெறிக்கும் வேகம். விரல்கள் பழகிய பாதையில் ஓடினால்தான் அந்த வேகம் சாத்தியம். மூலத்தின் பளபளப்பு கொஞ்சம் குறைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஐம்பது பேர் சேர்ந்து சுத்தமாக வாசிக்கும் ஏ ஃப்ளாட், தடுமாறி வாசிக்கும் ஏ-வைவிடப் பல மடங்கு பளிச்சென்று கேட்கும்.

சிறிய பிள்ளைகளுக்கு எழுதும்போது இந்த நுணுக்கம் இன்னும் கூடுதலாக வேண்டும். கிளாரினெட்டில் நடு ஏ-விலிருந்து அடுத்த பி-க்குப் போகும் இடத்தை ‘பிரேக்’ என்பார்கள். ஏ-வில் ஏறக்குறைய எல்லா விரலும் தூக்கியிருக்கும். அடுத்த ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஒரு துளையில் இம்மி இடைவெளி இருந்தாலும் கீச்சென்று கத்தும். முதல் ஆண்டு மாணவர்களுக்கான நிலை ஒன்று உருப்படிகளில் கிளாரினெட் வரி அந்த இடத்துக்குக் கீழேயே சுற்றி வருவது இதனால்தான். அதே தாளில் ஓபோவின் தனி வரி சின்ன எழுத்தில் புல்லாங்குழல் பார்ட்டிலும் அச்சாகியிருக்கும். ஓபோ இல்லாத பள்ளியும் வாசிக்கலாம். எளிய உருப்படி எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் இந்தத் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

மூலத்தை எழுதியவரே பேண்டுக்கும் எழுதும்போது வேறொரு உறுதி வருகிறது. ஒசாகாவில் ஹார்ன் வாசித்த ஹிரோஷி ஓகுரி, ஊர்த் திருவிழா இசையை வைத்து 1955-ல் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா கற்பனை எழுதினார். 1974-ல் ஒசாகா நகராட்சி பேண்டுக்காக அதைத் தானே மாற்றினார். தாளமும் மணியோசையும் ஊதுகுழலும் காற்று வாத்தியங்களுக்கே பிறந்தவைபோல் ஒலிக்கின்றன. மாருதானியின் அணிக்கு ராவெலோடு இதுவும் கைவந்த உருப்படி. தங்கள் ஊர்த் தெருவில் கேட்ட தாளத்தை மேடையில் வாசித்த பிள்ளைகளிடம் ஒரு தெனாவட்டு இருந்தது. அதைச் சாதகத்தால் மட்டும் கொண்டுவந்துவிட முடியாது.

இங்கே ஒரு வருத்தத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பதக்க ஆசையில் அணியின் பலத்துக்கு மீறிய உருப்படியை எடுப்பது பரவலாக நடக்கிறது. முதல் கிளாரினெட் வரிசை சமாளித்துவிடும். மூன்றாம் கிளாரினெட்டும் இரண்டாம் ஹார்னும் மாதக்கணக்கில் எட்டாத வரிகளோடு போராடும். மேடையில் அந்த வரிகள் மங்கலாகவே கேட்கும். அளவான ஸ்கோர் ஒன்றில் அதே பிள்ளைகள் தெளிவாகக் கேட்டிருப்பார்கள். உரிமை காலாவதியாகாத படைப்பைத் தங்கள் வசதிக்கு மாற்றுவதானால் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். கடைசி மாதத்தில் ‘இங்கே கொஞ்சம் வெட்டிவிடலாம்’ என்று முடிவெடுக்கும் அணிகளுக்கு அதுவும் இடிக்கும்.

2020-ல் தொற்றால் போட்டி ரத்தானது. ஆனால் ஜப்பானியப் பள்ளி பேண்டுகளை அதைவிட ஆழமாக மாற்றி வருவது பிறப்பு விகிதச் சரிவு. 55 பேரை நிரப்ப முடிகிற பள்ளிகள் ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு பேரோடு நிற்கும் பள்ளிகள் மறுபக்கம். இவர்களுக்காகப் பதிப்பகங்கள் ‘ஃப்ளெக்ஸ்’ ஸ்கோர்களை அடுக்கடுக்காக வெளியிடுகின்றன. ஐந்து முதல் எட்டு பார்ட். முதல் பார்ட்டை புல்லாங்குழலோ ஓபோவோ கிளாரினெட்டோ எடுத்துக்கொள்ளலாம், அடி வரியை டியூபாவோ பாரிடோன் சாக்ஸபோனோ பாஸ் கிளாரினெட்டோ தாங்கலாம். யார் வந்தாலும் இசை நிற்கும். ஆனால் எந்த வாத்தியத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதாலேயே பல ஸ்கோர்களில் எந்த வாத்தியத்தின் தனிக்குணமும் வெளிப்படுவதில்லை. டிராம்போனின் சறுக்கலுக்கோ கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி இருளுக்கோ அங்கே இடமில்லை. ஓகுரியைப் போல உள்ளிருந்து வாத்தியம் அறிந்த ஒருவர் இந்தப் பத்துப் பேர் அணிக்கென்று உட்கார்ந்து எழுத வேண்டிய நேரம் இது. பெரிய அணிகளுக்கு ராவெல் எப்போதும் இருக்கிறார்.