கருவொன்றுக்கு ஐந்தாறு இழைகள்

செலண்டார், நியாலாஸ், பாத்தாங் மலாக்கா பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிவிட்டது. வெற்றிலை மெல்லும் பழக்கம் மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, கூடுதலாக இருப்பதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் எழுதிவைத்தது. சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்கே வந்து வாயைத் திறந்து பார்ப்பது இதனால்தான்.

கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அது எந்த வகை என்பது தெரியாது. அதற்குச் சதையில் சிறு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெட்டு என்றதும் பாதிப் பாட்டிமார் எழுந்து போய்விடுவார்கள். இந்த இடைவெளிக்காகவே அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழு ஒரு நுண் உள்நோக்கியை உருவாக்கியது. புரோஃபிளேவின் என்ற சாயத்தைத் தடவி, பென்சில் முனையைவிட மெல்லிய ஒளியிழைக் கற்றையை அந்த இடத்தில் ஒற்றினால் உயிரணுக்களின் கருக்கள் திரையில் ஒளிரும். (நம் வீடுகளில் காயத்துக்குப் பூசும் ‘மஞ்சள் மருந்’தின் நெருங்கிய உறவு இந்தச் சாயம்.) சீனாவில் உணவுக்குழாய்க்கும் எல் சால்வடாரில் கருப்பை வாய்க்கும் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

படம் சுமக்கும் இழைக்கற்றை புதியதல்ல. 1930இல் ஹைன்ரிக் லாம் ஒரு மின்விளக்கின் இழையின் படத்தை இப்படிக் கடத்திக் காட்டினார். 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் வளையும் இழைநோக்கியை விவரித்தார்கள். அன்று தொடங்கிய குறை இன்றும் தீரவில்லை. ஒளி போவது கண்ணாடி இழையின் உள்ளகம் வழியாக மட்டுமே. சுற்றியுள்ள உறை இருட்டு. ஆகவே எந்தப் படமும் தேன்கூட்டு வலைக்குப் பின்னால்தான் தெரியும். இழைக்கு இழை வெளிச்சம் மாறும். ஒடிந்த இழை கரும்புள்ளியாக நிற்கும். பக்கத்து இழைக்கு ஒளி கசியும். கசிவைக் குறைக்க உற்பத்தியாளர்கள் இழைகளின் பருமனையும் வடிவத்தையும் வேண்டுமென்றே சற்று மாற்றுகிறார்கள். அதனால் தேன்கூடு ஒழுங்கற்றதாகி, அதைத் துடைக்கும் மென்பொருளுக்கு வேலை கூடுகிறது.

அந்தத் துடைப்பைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

மலிவான வழி படத்தை மங்கலாக்குவது. ஃபூரியர் வடிகட்டி கொண்டு வலையின் அலைவெண்ணை மட்டும் நீக்குவது அதற்கு ஒரு படி மேல். இரண்டும் கண்ணுக்கு இதம் தரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சுமார் 30,000 இழைகள் கொண்ட கற்றை முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டத்தைப் பார்க்கிறது. அப்படியானால் இழை மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 4 மைக்ரோன் தூரம். ஓர் உயிரணுக் கருவின் விட்டம் 10 மைக்ரோன் என்று வைத்தால், அதன் மேல் விழுவது ஐந்தாறு இழைகளே. கரு பெருத்திருக்கிறதா, நெருக்கியடித்து நிற்கிறதா என்பதுதான் நோயின் தடயம். இவ்வளவு குறைந்த சாட்சிகளை மங்கலாக்கினால் இரண்டு கருக்கள் ஒன்றாகி ஒரு பெரிய கருவாகத் தோன்றலாம். அது பொய் எச்சரிக்கை. மெலிந்த கரு பின்னணியில் கரைந்தும் போகலாம். அது இன்னும் மோசம்.

எனக்குப் பிடித்த திருத்தம் சலிப்பூட்டும் ஒன்று. சீராக ஒளிரும் பரப்பை முதலில் படமெடுத்து, ஒவ்வோர் இழையும் எவ்வளவு கடத்துகிறது என்று குறித்து, கற்றையின் சொந்த ஒளிர்வையும் கழித்து, பிறகு சமன் செய்வது. இதில் கற்பனை இல்லை. ஆனால் கற்றையைக் கழற்றி மாட்டினாலோ, செம்மண் பாதையில் பெட்டி குலுங்கி கேமரா இம்மி நகர்ந்தாலோ பழைய அளவு பொருந்தாது. நடமாடும் குழு ஒவ்வோர் இடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான்.

அதன் பின் இழைகளுக்கு நடுவிலுள்ள இருட்டை நிரப்ப வேண்டும். புள்ளிக் கோலத்தில் வைத்தவை புள்ளிகள்; வளைவு போட்டது கை. இடைக்கணிப்பும் அப்படியே: உள்ளகத்தில் வந்த மதிப்பு கண்டது, மற்றது ஊகம். முனையைச் சற்றே நகர்த்திப் பல படங்களை எடுத்துக் கோப்பது இதைவிட நேர்மையானது. இருட்டில் இருந்த இடத்தை வேறோர் இழை உண்மையாகவே பார்த்துவிடுகிறது. பாரிஸின் மோனா கியா நிறுவனக் கருவியில் படங்களைக் கோத்து விரிக்கும் இந்த வித்தை உண்டு. நாக்கு அசைந்தால் கோப்பு பிசகி ஒரே கரு இரட்டிக்கும் என்பது அதன் விலை.

இப்போது எல்லாரும் ஓடுவது செயற்கை நுண்ணறிவின் பின்னால். வலை சுவடின்றி மறைகிறது, படம் கண்ணாடிபோல் வருகிறது. எனக்கு இதில்தான் அச்சம் அதிகம். அது இருட்டை நிரப்புவது தான் முன்பு பழகிய படங்களை வைத்து. பாக்கு மென்று நார்த்திசு இறுகிய வாய்கள் அந்தப் படங்களில் இல்லாவிட்டால், நம் பாட்டியின் கன்னத்தில் வேறு யாரோ ஒருவரின் ஆரோக்கியமான கருக்களை வரைந்துவைக்கும். தேன்கூட்டுப் படம் அசிங்கமாக இருந்தாலும் தனக்குத் தெரியாத இடம் எதுவென்று காட்டிவிடுகிறது. அழகான படம் அதைக் காட்டுவதில்லை.

திருத்தமே கூடாது என்பதல்ல என் கட்சி. வலையோடு உள்ள படத்தை நாள் முழுதும் பார்க்கும் மருத்துவரின் கண் களைக்கும், களைத்த கண்ணும் தவறும். அளந்து சமன் செய்வதையும், பல படங்களைக் கோப்பதையும் தயங்காமல் ஏற்கலாம். ஊகத்தால் நிரப்பிய படத்தை வைத்து மட்டும் ‘வெட்டிப் பார்க்கத் தேவையில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. இத்தகைய கருவியை விற்க வருபவரிடம், திருத்தாத படத்தையும் சேமிக்குமா, ஒடிந்த இழைகள் எத்தனை என்று திரையில் காட்டுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள்.