ஐந்து அடுக்குகளும் ஒரு நீண்ட சண்டையும்

வண்டல் பாறைகளைப் பற்றிப் படிக்கிற யாரிடமாவது "பௌமா வரிசை" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு பேப்பரை எடுத்து ஐந்து அடுக்கு வரைந்து காட்டுவார். அடியில் பருமணல், அது மேலே போகப் போகப் பொடிசாகிறது. அதற்கு மேல் நேரான மெல்லிய வரிகள். அப்புறம் சிற்றலைத் தடங்கள், மறுபடியும் மெல்லிய வரிகள், உச்சியில் சேறு. 1962-இல் ஆர்னோல்ட் பௌமா என்ற டச்சு நிலவியலாளர், தென்கிழக்கு பிரான்சில் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள அன்னோ மணற்கற்களைப் பார்த்துத் தொகுத்த படம் அது.

இந்தப் படத்தோடு இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர் கணபதி சண்முகம். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போய், மொபில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பௌமா வரிசையும் அது உண்டாக்கிய மனப்போக்கும் பற்றி அவர் 1997-இல் எழுதிய கட்டுரையைப் போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது வந்த கோபம் இப்போது வரவில்லை.

முதலில் பின்னணி. ஒரு கண்ணாடி பாட்டிலில் ஆற்று மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். பெரிய மணல் முதலில் இறங்கும், பொடி மெதுவாக மேலே உட்காரும். ஆழ்கடல் சரிவில் சேறு கலந்த நீர் கொந்தளித்து ஓடி, வேகம் குறையும்போது இதேதான் நடக்கிறது என்று 1950-இல் கூனெனும் மில்யோரினியும் எழுதினார்கள். இந்த ஓட்டத்துக்குப் பெயர் டர்பிடிட்டி ஓட்டம், அது விட்டுப்போகிற படிவு டர்பிடைட்.

இப்படி ஒன்று கடலுக்கடியில் நிஜமாகவே ஓடுமா? அதற்குச் சாட்சி 1929 நவம்பர் 18-ஆம் தேதியே கிடைத்திருந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம். அதன் மையத்துக்குப் பக்கத்தில் கிடந்த தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன. சரிவில் கீழே கிடந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு அறுந்தன. கடைசிக் கம்பி போனது 13 மணி நேரம் கழித்து. இந்த வரிசையை வைத்து ஓட்டத்தின் வேகத்தையே கணக்குப் போட்டார்கள் ஹீசனும் யூயிங்கும், 1952-இல். அதன் பிறகு ஆழ்கடல் மணற்கல் எதைப் பார்த்தாலும் "டர்பிடைட்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

சண்முகத்தின் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடி அடுக்கு உண்மையில் கீழிருந்து மேல் பொடிசாகிறதா? அன்னோ பாறைகளிலேயே பல இடங்களில் இல்லை என்கிறார். சில இடத்தில் பருமணல் மேலே இருக்கிறது. மணலுக்கு நடுவே களிமண் கட்டிகள் அந்தரத்தில் நிற்கின்றன. கொந்தளிக்கும் நீரிலிருந்து ஒவ்வொரு துகளாக இறங்கினால் இப்படி வராது. கொத்தனார் கொட்டுகிற கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜல்லி அடியில் போய் உட்காருவதில்லை, கலவை நின்ற இடத்தில் ஜல்லியும் நிற்கும். மணலும் சேறும் இப்படிக் கூழாக ஓடி மொத்தமாக உறைவதை அவர் மணல் டெப்ரிஸ் ஓட்டம் என்கிறார். மேலே உள்ள சிற்றலைத் தடங்களுக்கு அவர் கைகாட்டுவது கடலடி நீரோட்டங்களை, சில இடங்களில் ஓதத்தை. ஐந்து அடுக்கையும் முழுசாக ஓர் ஆய்வகத் தொட்டியில் யாரும் உண்டாக்கிக் காட்டவில்லை என்பதும் அவர் குற்றச்சாட்டு.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஒரு மணல் அடுக்கைத் துளையிட்டுத் தொட்டால், அது எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று ஊகித்துத்தான் அடுத்த கிணற்றுக்கு இடம் குறிப்பார். விரிந்து பரவிய தகடு என்று நினைத்துக் கணக்குப் போட்டு, உள்ளே துண்டு துண்டான நாக்குகள் இருந்தால் பணம் கடலோடு போச்சு. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் மணலைப் பற்றிச் சண்முகமும் மற்றவர்களும் 2009-இல் எழுதியதில் இந்த அக்கறைதான் ஓடுகிறது. பாறை உள்ளகத்தை அங்குலம் அங்குலமாக விவரித்துவிட்டு, பிறகே பெயர் வைக்கிறார்கள். பெயரை முதலில் வைத்துவிட்டு விவரத்தை அதற்குள் திணிக்காதே என்கிற அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரைப் படிக்கலாம்.

ஆனால் எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. பாறை காட்டுவது ஓட்டத்தின் கடைசி நிமிஷத்தை. கூழாக உறைந்தது என்றால், மேலே நூறு கிலோமீட்டரும் கூழாகவே வந்தது என்று சொல்ல முடியுமா? வழியில் தண்ணீர் கலந்து கொந்தளிப்பாக மாறலாம், கொந்தளிப்பின் அடிப்பகுதி இறுகிக் கூழாகலாம். இது அவருக்குத் தெரியாததல்ல. படிவில் காண முடியாததை ஏன் பேச வேண்டும் என்று ஒதுக்குகிறார். அந்த எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் "இது அல்லது அது" என்று பெட்டி பிரிக்கும்போது, அவர் பௌமாக்காரர்களிடம் கண்ட அதே மனப்போக்கு அவரிடமும் தலைகாட்டுகிறது. 2002-இல் டர்பிடைட் பற்றிய பத்துக் கட்டுக்கதைகள் என்றே தலைப்பு வைத்தார். எதிராளி காது கொடுத்துக் கேட்பாரா?

கலிபோர்னியாவின் மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கில் 18 மாதம் கருவிகளைப் போட்டு வைத்து அளந்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. 800 கிலோ வரை எடையுள்ள பொருட்களை, ஓட்டம் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேலான வேகத்தில் இழுத்துப் போயிருக்கிறது. அடியில் அடர்ந்த மணல் கூழ், மேலே கொந்தளிக்கும் கலங்கல் நீர், இரண்டும் ஒரே ஓட்டத்தில். ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் டர்பிடிட்டி ஓட்டம்தான். சண்முகத்தின் கண்ணோடு பார்த்தால், அடியில் மணலைச் சுமந்து போன பகுதி டெப்ரிஸ் ஓட்டம். அன்னோவில் அந்தரத்தில் நிற்கிற களிமண் கட்டிகளுக்கு இந்த அடிக்கூழ் ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலேயுள்ள சிற்றலைகள் அதே ஓட்டத்தின் வால் போட்டவையா, பிறகு வந்த நீரோட்டம் போட்டவையா என்பது இன்னும் பாக்கி. அதற்கு அந்தச் சிற்றலைகள் எந்தத் திசையைக் காட்டுகின்றன என்று அடுக்கு அடுக்காக அளந்தாக வேண்டும்.