பாரம் வைத்த பிறகு

சரணாகதி மோட்சத்துக்கு வழி. பெண்ணுக்கு வரன் அமையவில்லை, வீட்டுக் கடன் தவணை நிற்கிறது, ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும் என்பன போன்ற கவலைகளுக்கும் அது மருந்தாகுமா என்று வைதிகப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால், முதலில் சிரிப்பார். ஆனால் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் சொன்ன சரம சுலோகம், வருந்தாதே என்ற கட்டளையோடுதான் முடிகிறது. அந்தக் கட்டளையை எப்படிக் கைக்கொள்வது என்பதில்தான் ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் பல தலைமுறைகளாக மோதியிருக்கிறார்கள்.

சம்பிரதாயத்துக்கு முன்மாதிரி நம்மாழ்வார். திருவாய்மொழி ஆறாம் பத்தின் முடிவில் அலர்மேல்மங்கையை முன்னிட்டுத் திருவேங்கடமுடையான் திருவடியில் அவர் சரண் புகுந்தார். அதே முறையில் ராமானுஜர் ஒரு பங்குனி உத்திரத்தன்று, ஸ்ரீரங்கத்தில் தாயாரும் உற்சவர் நம்பெருமாளும் சேர்ந்திருந்த வேளையில், சரணாகதி கத்யம் விண்ணப்பித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. அங்கே இன்றும் அந்தச் சேர்த்தியில், சரணாகதி கத்யம் உள்ளிட்ட கத்யத்ரயம் சேவிக்கப்படுகிறது.

சரணாகதிக்கு அங்கங்கள் உண்டு. உகந்ததைச் செய்வதாக உறுதி, உகவாததை விடுதல், கைம்முதல் இல்லை என்ற உணர்வு, காக்க வேண்டும் என்று வேண்டுதல், காப்பான் என்ற மகாவிசுவாசம், இவற்றோடு தன்னையே ஒப்படைத்தல். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் மகாவிசுவாசத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம்.

ராமானுஜருக்குப் பின் வந்தவர்களிடையே பிளவு இங்கேதான் தொடங்கியது. ஒப்படைக்கும் செயல் என்னுடையதா, அவனுடையதா? பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்திலும் முமுக்ஷுப்படியிலும், உபாயம் எம்பெருமானே என்கிறார். சேதனன், அதாவது ஜீவன், செய்ய வேண்டியது அவன் அருளை விலக்காதிருப்பது. காஞ்சித் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தில், அருள் பொதுவாக இருக்க ஒருவனை மட்டும் காப்பதற்கு ஒரு வியாஜமாவது, ஒரு சாக்காவது வேண்டாமா என்று கேட்கிறார். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி தேசிகர் வழியான வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி லோகாசாரியர் வழியான தென்கலைக்கும் அடையாளமாகிவிட்டன. உபந்நியாசங்களில் இந்த இரண்டும் அளவுக்கு மீறி உழைத்துவிட்டன என்பது என் எண்ணம். வாழ்க்கையில் தெரியும் வேறுபாடு வேறு. அஹோபில மடம், ஆண்டவன் ஆசிரமம் போன்ற வடகலை மடங்களில், பாரத்தை அவனிடம் வைக்கும் பரந்யாஸம் தனிச் சடங்காக நடக்கிறது. நாள் பார்த்து, ஆசாரியர் மூலம் செய்துகொள்கிறார்கள். தென்கலையில் பஞ்சஸம்ஸ்காரம் என்ற தீட்சையும் ஆசாரிய சம்பந்தமுமே போதும். திருமண்காப்பின் வடிவம், கோயிலில் யார் முதலில் ஓதுவது என்று இந்தச் சண்டை காஞ்சிபுரத்திலிருந்து நீதிமன்றப் படிவரை ஏறியதை நினைத்தால், பாரத்தை வைத்தவர்களுக்கு எத்தனை பாரம் என்று தோன்றுகிறது.

லோகாசாரியர், தேசிகர் இருவர் வாழ்க்கையையும் பாருங்கள். 1323-ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, மனித முயற்சிக்கு இடமில்லை என்று எழுதிய லோகாசாரியர், தள்ளாத வயதில் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு காட்டுவழியாகத் தெற்கே போனார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். நம்பெருமாள் 1371-ல்தான் ஊர் திரும்பினார். தேசிகரோ பிணங்களுக்கு நடுவே கிடந்து உயிர் தப்பி, ஸ்ரீபாஷ்ய உரையான ச்ருதப்ரகாசிகை ஏட்டையும் அதை எழுதிய சுதர்சன சூரியின் பிள்ளைகளையும் காத்துக்கொண்டு, கர்நாடகத்துச் சத்தியகாலத்துக்குப் போனார் என்கிறது வரலாற்று மரபு. அங்கே அவர் அருளிய அபீதிஸ்தவம், ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்த பயத்தைப் போக்கும்படி அரங்கனிடம் மன்றாடும் தோத்திரம். சரணாகதி சாத்திரத்தையே வகுத்தவர் பயத்தை மறைக்கவில்லை. 'அவன் பார்த்துப்பான்' என்று ஈஸிசேரில் சாய்ந்தவர்கள் எந்தக் கலையிலும் ஆசாரியராகவில்லை.

அப்படியென்றால் அளவுகோல் என்ன? இரு கலையாரும் எடுத்துக்காட்டுவது பிரம்மாஸ்திரக் கதை. இந்திரஜித்தின் அஸ்திரத்துக்கு அனுமன் கட்டுண்டு கிடந்தான். அது போதாதென்று அரக்கர்கள் கயிறுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள், அஸ்திரம் நழுவிவிட்டது. பெருமாளிடம் பெண்ணின் கல்யாணத்தை ஒப்படைத்துவிட்டு வரன் பார்ப்பது கயிறு அல்ல. அது நம் கடமை, கைங்கரியம். ஒப்படைத்த பிறகு இன்னொரு பரிகாரம், இன்னொரு ஜோசியர், ஒருவேளை பலிக்காவிட்டால் என்று மூன்றாவதாக ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் கயிறு.

பெரியவர்கள் இன்னொரு கணக்கும் சொல்வார்கள். உடம்பின் போக்கு கர்மவசம், ஆத்மாவின் போக்கு பகவானின் வசம். இரண்டைப் பற்றியும் கரைவதில் பயனில்லை. கேட்பதற்குக் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சரணாகதர்களில் ஆர்த்தன், திருப்தன் என்று இரண்டு வகை வைத்தார்கள். இந்தக் கணமே விடுதலை வேண்டும் என்று துடிப்பவன் ஆர்த்தன். இந்த உடல் விழும்வரை பொறுப்பவன் திருப்தன். பொறுக்கமாட்டாமல் துடித்ததற்காக ஆர்த்தனை யாரும் குறைத்துச் சொல்லவில்லை.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிய ஆறுதல் காஞ்சிப் பேரருளாளன் திருக்கச்சி நம்பி மூலம் ராமானுஜருக்குச் சொல்லியனுப்பிய ஆறு வார்த்தைகளில் ஒன்று: சரணடைந்தவனுக்குக் கடைசி நேரத்து நினைவு அவசியமில்லை. உடல் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்று வராகப் பெருமாளும் வாக்குக் கொடுத்திருப்பதாக மரபு. மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பேரையே மறந்துவிட்ட அப்பாவுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கும் அம்மாவுக்கு, காதில் திருநாமம் சொல்ல நேரத்துக்கு ஆள் போய்ச் சேரவில்லையே என்று குமைகிற குடும்பங்கள் இன்று எத்தனையோ. கலை எதுவானாலும், அவர்களுக்கு இந்த மரபு சொல்லும் பதில் ஒன்றுதான்: நினைக்க வேண்டிய பொறுப்பு கட்டிலில் கிடப்பவருடையது அல்ல.