வெண்பாவின் இட்லித் தட்டு

நம்ம நாட்டுக் கதை வர்ற மூணு வீடியோ கேம்களை அடுத்தடுத்து ஆடிப் பார்த்தேன்.

'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' (2017) மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சாளர் புதையலைத் தேடுது. காட்சிகள் பிரமாதம். ஆனால் ஹொய்சாளரை எடுத்துட்டு வேற அரசை வச்சாலும் ஆட்டம் மாறாது. சிற்பமெல்லாம் ஏறித் தாவத்தான்.

புனேக்காரர்கள் செய்த 'ராஜி' (2020) அழகு. சண்டை தடுமாறுது, முடிவு பாதியில் எழுந்து போன மாதிரி இருக்கு.

டொரான்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' (2023) அப்படியில்லை. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பு அங்கங்கே அழிஞ்சு போயிருக்கு; விடுபட்டதை நாமதான் கண்டுபிடிக்கணும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே புதிர். இட்லியை எடுத்துட்டா ஆட்டமே இல்லை! நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் ரொம்ப சுலபம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சும் போயிடும். அது குறைதான்.

ஆனால் மகன் கவின் தமிழைத் தள்ளிவைக்கிற இடங்களைப் புதுச்சேரியில் உட்கார்ந்து சும்மா பார்க்க முடியல. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சுக்குப் போன சொல்தா குடும்பங்கள் இங்கே எத்தனை! லீவுக்கு வர்ற பேரன்கிட்ட பாட்டி தமிழில் கேட்பாங்க; பதில் பிரெஞ்சில் வரும். வெண்பா முகத்தில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். 2024இல் பாஃப்டா இதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்தது. என் கணக்கில் புதிருக்கு 10க்கு 6, கதைக்கு 9.