கௌரம்: காட்டுமாடா, காட்டுக்கழுதையா?

ஸ்ரீமத் பாகவதம் மூன்றாம் ஸ்கந்தம் பத்தாம் அத்யாயத்தில், மைத்ரேயர் விதுரருக்குத் திர்யக் ஸ்ருஷ்டியை 28 வகையாக விரித்தருளுகிறார். அவற்றுள் ஒற்றைக் குளம்புடையனவாக எண்ணப்படுபவை ஆறு: கழுதை, குதிரை, கோவேறு கழுதை, கௌரம், சரபம், சமரீ. இவற்றுள் கௌரத்தைக் காட்டுமாடு என்பாரும் உளர். திருப்பூர் மாவட்டத்து உடுமலை, அமராவதி வனங்களில் நாம் காணும் காட்டுமாட்டுக்குக் குளம்பு பிளந்தது. அன்றியும், காட்டுப்பசுவாகிய கவயம் இரட்டைக் குளம்பினத்தில் முன்னரே எண்ணப்பட்டது. மீண்டும் அதையே கொண்டால் கூறியது கூறலாம். 28 என்னும் எண்ணும் குறையும்.

கோவேறு கழுதையை அடுத்து நிற்கும் கௌரம் காட்டுக்கழுதை என்பதே பொருந்தும். ரிக்வேதம் எட்டாம் மண்டலம், தாகத்தோடு இரிணத்துக்கு இறங்கிவரும் கௌரத்தை இந்திரனின் வருகைக்கு உவமையாக்குகிறது. இரிணம் உவர்நிலத்தையும் குறிக்கும். கட்ச் பகுதியின் ‘ரண்’ அதன் திரிபு என்பர். காட்டுக்கழுதை இன்றும் வாழ்வது அந்த உவர்நிலத்திலேயே.

‘பிளந்த குளம்புடைய சமரீயும் இவ்வாறனுள் உளதே’ எனின், அத்தடை மெய்யே. ஆதலின் குளம்பு ஒன்றையே சான்றாகக் கொள்ளாது, சொல் நின்ற இடத்தையும் எண்ணையும் சேர்த்தே பொருள் துணிந்தோம். தமிழாக்குவோர் கௌரத்தைக் காட்டுமாடு என எழுதாதிருத்தல் நலம்.